கடல் கடந்த மூதாதையர்

தாய் தந்தையர் மறைந்தபின் அவர்தம் உருவத்தை வீட்டில் வைத்துப் போற்றுதல் நம்மவர்க்குப் புதிதன்று. இன்று நிழற்படம் இருக்கிறது. அதற்குச் சந்தனப் பொட்டிட்டு மாலை சூட்டுகின்றோம். நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் பிழைப்பை நாடித் திருவனந்தபுரம் வந்து சேர்ந்த குடும்பங்களில், ஊரிலுள்ள வீட்டையும் நிலத்தையும் விட்டு வந்தவர்கள்கூட அந்தப் படத்தை மட்டும் துணியில் சுற்றிக் கையோடு கொண்டு வந்திருக்கின்றனர். நிழற்படக் கருவி தோன்றாத காலத்தில் மனிதன் என்ன செய்தான்? கல்லை நட்டான், மண்ணைப் பிசைந்தான், மரத்தைச் செதுக்கினான். இம்மூன்றனுள் மரம் செதுக்கிய மக்களைப் பற்றியே இக்கட்டுரை பேச விரும்புகிறது. அவர்கள் தீவினர், நமக்கு அயலவர். ஆயினும் அவர்தம் வரலாற்றில் நம் வாழ்வுக்கு வேண்டிய பாடம் ஒன்று அடங்கியிருக்கிறது.

நம் நகரத்து அருங்காட்சியகத்தை அறியாத அன்பர்கள் இரார். 1855ஆம் ஆண்டில் தோன்றிய அந்நிலையத்திற்கு, ராபர்ட் சிஷோம் என்னும் கட்டடக்கலைஞர் வகுத்த இன்றைய வண்ண மாளிகை 1880இல் எழுந்தது. சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபுவின் பெயரை அது தாங்கி நிற்கிறது. செப்புத் திருமேனிகளும், தந்தச் சிற்பங்களும், மரத்தேரும், மலைநாட்டுத் தச்சர்தம் கைத்திறம் காட்டும் மரச் சிற்பங்களும், இராமாயண மகாபாரதக் கதைகளை ஆடும் நிழற்கூத்துத் தோற்பாவைகளும் அங்கே உள்ளன. விடுமுறை நாளில் குழந்தைகளை அழைத்துச் சென்று அவற்றைக் காட்டுகின்றோம். கண்ணாடிப் பேழைக்குள் நிற்கும் ஒரு மரச் சிற்பத்தைப் பார்த்து, "இது யாருடையது?" என்று குழந்தை கேட்குமாயின் நாம் என்ன விடை சொல்வோம்? எந்த நூற்றாண்டினது, எந்த மரத்தினாலானது என்று சொல்லிவிடலாம். யாருடைய வீட்டில், யாருக்காக, எந்த நாளில் அது செதுக்கப்பட்டது என்பதைச் சொல்வது அரிது. இவ்வினா நக்கவாரத் தீவுகளின் மர உருவங்களைப் பொறுத்தவரையில் மிகவும் கூர்மையாக எழுகிறது.

நக்கவாரமும் தமிழரும்

வங்கக் கடலின் தென்கிழக்கில், சுமத்திராவுக்கு வடமேற்கே சிதறிக் கிடப்பவை நிக்கோபார்த் தீவுகள். நம் முன்னோர் அவற்றை நக்கவாரம் என்றனர். இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் நடத்திய கடற்படையெடுப்பில் வென்ற இடங்களைத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு வரிசைப்படுத்துகிறது. அவ்வரிசையில் மாநக்கவாரமும் இடம் பெற்றிருக்கிறது. மணிமேகலைக் காப்பியத்தில் ஆதிரையின் கணவன் சாதுவன் கலம் உடைந்து நாகர் வாழும் கரையில் ஒதுங்கிய கதை வருகிறதன்றோ? அவர்தம் மொழியை அவன் அறிந்திருந்தமையால் உயிர் பிழைத்தான் என்பது கதை. அந்த இடம் நக்கவாரமே என்று கருதும் அறிஞர்களும் உளர்.

பிற்காலத்திலும் அத்தொடர்பு தமிழ்க்கரையின் வழியாகவே வளர்ந்தது. தரங்கம்பாடியில் கோட்டை கட்டியிருந்த டேனிய வணிகர்கள் 1756இல் அங்கிருந்து சென்றே அத்தீவுகளில் தம் கொடியை நாட்டினர். தரங்கம்பாடியில் தங்கியிருந்த மொராவிய சபையினர் 1768 முதல் 1787 வரை நான்கௌரித் தீவில் சமயப்பணி செய்ய முயன்றனர், காய்ச்சலால் பலர் மாண்டனர், முயற்சி கைவிடப்பட்டது. 1868இல் டேனியர் தம் உரிமையை ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்தனர். நம் காலத்திலும் ஒரு தொடர்பு உண்டு. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி உடன்படிக்கைக்குப்பின் இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. குடிபெயர்ந்தோர் என்ற முறையில் அவர்களும் நம் உறவினரே.

காவல் நிற்கும் உருவம்

நான்கௌரி, கமோர்ட்டா, கச்சால், டெரசா முதலிய நடுத்தீவுகளின் மக்கள் தம் வீடுகளில் மரத்தால் செதுக்கிய மனித உருவங்களை வைத்திருந்தனர். கரேயாவ் என்பது அவற்றுக்கு வழங்கிய பெயர். கையளவு சிறியனவும் உண்டு. ஆளுயரம் நிற்பனவும் உண்டு. கண்களில் கிளிஞ்சல் பதித்திருப்பர்; வாய் திறந்து பல் தெரிய நிற்கும்; கையில் ஈட்டி ஏந்தியதும் உண்டு. சில உருவங்களின் தலையில் ஐரோப்பியர் அணியும் உயர்ந்த தொப்பி காணப்படும். தேங்காய் வாங்க வந்த கப்பல்காரர்கள் பண்டமாற்றாகக் கொடுத்த தொப்பிகள் தீவினரின் கண்ணுக்குப் பெருமைக்குரிய அணியாகத் தோன்றின. எனவே காவல் உருவமும் அதை அணிந்து கொண்டது. கடல் கொண்டு வந்ததைத் தமதாக்கிக் கொள்ளும் திறம் அம்மக்களுக்கு இருந்தது.

இவ்வுருவங்கள் எதற்காக? நோய், விபத்து, அகால மரணம் ஆகியவற்றுக்கெல்லாம் ஈவி எனப்படும் ஆவிகளே காரணம் என்று தீவினர் நம்பினர். வீட்டில் ஒருவர் நோயுற்றால் மென்லுவானா என்னும் மருத்துவப் பூசாரியை அழைப்பர். அவர் சொற்படி உருவம் செதுக்கி வீட்டில் நிறுத்துவர். அதன் அச்சந்தரும் தோற்றத்தைக் கண்டு தீய ஆவிகள் விலகும் என்பது நம்பிக்கை. நம் ஊர்ப்புறங்களில் அரிவாள் ஓங்கி விழி உருட்டி நிற்கும் அய்யனார் கோயிற் காவலரையும் சுடலைமாடனையும் அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அச்சமூட்டும் முகம், தன் குடிக்குப் பாதுகாப்பான முகம், அவ்வளவே.

இறந்தோரைப் பேணுவதிலும் அம்மக்கள் குறை வைத்ததில்லை. புதைத்து ஆண்டுகள் சில கழிந்தபின், குடும்பத்தார் கூடி எலும்புகளைத் தோண்டியெடுத்துத் தூய்மை செய்து, பன்றிகளை அறுத்து ஊரார்க்கெல்லாம் விருந்திட்டு, மீண்டும் நிலத்தில் சேர்க்கும் பெருவிழா அவர்களிடம் உண்டு. இவ்விழாவுக்காக ஆண்டுக்கணக்கில் பன்றியும் பண்டமும் சேர்த்து வைப்பர். இதனைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் நம் முன்னோர் எலும்புகளைத் தாழியில் இட்டுப் பொன்னும் இரும்பும் நெல்லும் உடன் வைத்துப் புதைத்திருக்கின்றனர். வீரர்க்கு நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு படிகளாக வகுத்துக் கூறுகிறது. இல்லறத்தான் பேண வேண்டிய ஐவரை எண்ணிய வள்ளுவர் தென்புலத்தாரையே முதலில் வைத்தார். ஆடி அமாவாசையன்று, மலையாளத்தார் கர்க்கடக வாவு என்று கொண்டாடும் அதே நாளில், சங்குமுகம் கடற்கரையிலும் திருவல்லம் ஆற்றங்கரையிலும் திரளும் கூட்டத்தில் மலையாளியும் தமிழரும் ஒருங்கே நின்று எள்ளும் நீரும் இறைக்கின்றனர். முறை வேறு, உள்ளம் ஒன்று.

நியாசுத் தீவின் வரிசை

காவல் உருவத்திலிருந்து ஒரு படி கடந்து, மறைந்த தாய் தந்தையையே மரத்தில் வடித்தவர்கள் சுமத்திராவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள நியாசுத் தீவினர். அத்தீவை நோக்கிய கரையில் அமைந்தது பாரூசு. கருப்பூரத்திற்குப் பெயர்பெற்ற அத்துறையில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் நம் வணிகக் குழுவினர் 1088இல் தமிழிலேயே ஒரு கல்வெட்டு நாட்டினர். வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியார் அதனை 1932இல் ஆராய்ந்து வெளியிட்டார்.

நியாசு மக்கள் அவ்வுருவத்தை அது சாத்துவா என்பர். மூத்தோர் உருவம் என்பது பொருள். ஒருவர் இறந்ததும் அவருக்கென ஓர் உருவம் செதுக்கப்படும். தலையில் உயர்ந்த முடி, குந்திய நிலை, மார்பின் முன் இரு கைகளாலும் பற்றிய கிண்ணம். ஆண் உருவமாயின் வலக்காதில் மட்டும் குழை. பெண் உருவமாயின் இரு காதிலும் குழை. மறைந்தவரின் ஆவி அதில் வந்து தங்கும் என்பது நம்பிக்கை. தலைமுறை தோறும் உருவங்கள் பெருகும். அவற்றைப் பிரம்பினால் வரிசையாகப் பிணைத்து வீட்டின் நடுக்கூடத்தில் வைப்பர். பிறப்பு, திருமணம், நோய், பயணம் ஆகிய எல்லாவற்றையும் அவ்வரிசைக்கு அறிவித்துப் படையலிடுவர். குடும்பத்தின் வம்சாவளி ஏட்டில் எழுதப்படாமல் மரத்தில் எழுதப்பட்டு, கூடத்தில் தொங்கியது எனலாம்.

1865இல் செர்மானிய நாட்டுச் சமயப்பணியாளர்கள் அத்தீவுக்கு வந்தனர். 1916இல் தொடங்கிய பெரும் மதமாற்ற இயக்கத்தில் உருவங்கள் பல தீக்கிரையாயின. பல ஐரோப்பாவுக்குச் சென்றன. பாரிசு நகரத்து லூவர் மாளிகையில் உலகத்துப் பெருங்கலைப் படைப்புகளுக்கென 2000ஆம் ஆண்டில் திறந்த கூடத்தில் நியாசுத் தீவின் மூதாதை உருவம் ஒன்று இடம் பெற்றது. உலகம் அதனைக் கலைச்செல்வமெனப் போற்றுகிறது, தக்கதே. ஆனால் அது ஒரு வீட்டாரின் பாட்டனார். அவருடைய பெயர் என்ன? அவருக்கு முன்னும் பின்னும் பிரம்பில் பிணைந்திருந்தவர்கள் எங்கே? வரிசையிலிருந்து அறுபட்ட உருவத்தில் அழகு எஞ்சும்; உறவு எஞ்சுவதில்லை.

எடுத்துச் சென்றவரும் எழுதி வைத்தவரும்

நக்கவாரத்து உருவங்களும் இவ்வாறே கடல் கடந்தன. 1840களில் வந்த டேனிய அரசின் கலாத்தியா கப்பலும், 1858இல் வந்த ஆஸ்திரிய அரசின் நோவாரா கப்பலும் ஆராய்ச்சியின் பொருட்டுப் பல பொருள்களைத் திரட்டின. அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் 1869 முதல் 1901 வரை பணியாற்றிய எட்வர்டு ஹொரேஸ் மேன் என்னும் ஆங்கில அதிகாரி திரட்டியவை இலண்டனிலும் ஆக்ஸ்போர்டிலும் உள்ள காட்சியகங்களுக்குச் சென்றன. விலைக்கும் பண்டமாற்றுக்கும் மக்களே கொடுத்தவையும் அவற்றுள் உண்டு. எல்லாவற்றையும் கொள்ளை என்று ஒரே சொல்லால் இகழ்வது நடுநிலையாகாது.

மேன் என்பவர் செய்த ஒரு நன்மையையும் மறத்தலாகாது. அவர் பொருளை மட்டும் எடுத்துச் செல்லவில்லை, மொழியைக் கற்றார், 1889இல் நடுத்தீவு மக்களின் மொழிக்கு ஓர் அகராதி வெளியிட்டார், ஒவ்வொரு பொருளுக்கும் அம்மக்கள் வழங்கிய பெயரையும் பயனையும் குறித்து வைத்தார். கரேயாவ் என்ற சொல்லை இன்று நாம் அறிவதற்கு அத்தகைய குறிப்புகளே காரணம். குறிப்பின்றிச் சென்ற உருவம் வெறும் மரம். குறிப்போடு சென்றதற்கு ஓரளவேனும் நாவுண்டு. இவ்வேறுபாட்டை நாம் நெஞ்சில் இருத்த வேண்டும்.

ஏனெனில், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையில் கடல் எழுந்தது. நக்கவாரத் தீவுகள் நிலநடுக்கத்தின் மூலத்திற்கு மிக அண்மையில் இருந்தன. கச்சால் தீவு பேரழிவுக்குள்ளாயிற்று. டிரிங்கெட் தீவு பிளவுபட்டு, மக்கள் அதனை விட்டு வெளியேறினர். கடலோரமாகவே ஊர்கள் அமைந்திருந்தமையால் வீடுகளோடு வீட்டிலிருந்தவையும் போயின. முதியோர் பலர் மாண்டனர். அவர்களோடு கதையும் பாட்டும் சடங்கின் முறையும் மறைந்தன. எஞ்சியவர்கள் தகரக் கொட்டகைகளில் நெடுங்காலம் வாழ்ந்தனர். மூன்று மாதங்கள் கழித்து, 2005 மார்ச் 28ஆம் நாள், நியாசுத் தீவையும் பெருநிலநடுக்கம் குலுக்கியது. இதில் ஒரு விந்தை காண்க. தீவிலே இருந்தவற்றைக் கடல் கொண்டது. தீவை விட்டுச் சென்றவை தொலைதேசத்துப் பேழைகளில் பிழைத்திருக்கின்றன. ஆகவே, போனது முற்றும் தீமை என்றும் சொல்வதற்கில்லை. போனவை அங்கேயே இருந்துவிடலாம் என்றும் சொல்வதற்கில்லை. பிழைத்தவற்றை உரியவரின் பேரப்பிள்ளைகள் கண்ணாலேனும் காண வழிசெய்வது, வைத்திருப்போர் கடனாகும்.

தாமே முயன்றோரும் உளர். நியாசுத் தீவின் குனுங்சித்தோலி ஊரில் யோகன்னசு ஹாமர்லே என்ற செர்மானியத் துறவி எஞ்சிய பழம்பொருள்களைத் திரட்டி ஓர் அருங்காட்சியகம் அமைத்தார். ஒரு காலத்தில் சமயப்பணியாளர் அழிக்கக் காரணமாயிருந்ததைப் பின்வந்த துறவியே பேணினார். நம் நாட்டில் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரில், மானிடவியல் ஆய்வுத் துறையின் காட்சியகம் தீவு மக்களின் பொருள்களைத் தீவுகளுக்கு அண்மையிலேயே வைத்துக் காத்து வருகிறது.

நம் வீட்டு மரப்பாச்சி

இனி நம் கதைக்கு வருவோம். மரத்தால் செதுக்கிய உருவம் நம்மிடமும் இருக்கிறது. நவராத்திரிக் கொலுவின் மேற்படியில் வைக்கும் மரப்பாச்சி இணையைத்தான் சொல்கிறேன். செம்மரத்திலோ கருங்காலியிலோ கடைந்த அந்த ஆணும் பெண்ணும் தாயிடமிருந்து மகளுக்குத் திருமணத்தின்போது வருவது மரபு. ஆண்டுதோறும் புதுத் துணி உடுத்தி, மையிட்டு, முதலில் அவர்களை அமர்த்திய பின்பே மற்றப் பொம்மைகள் படியேறுகின்றன. கரமனையிலும் வலியசாலையிலும் உள்ள பழைய தமிழ் வீடுகளில் நான்கைந்து தலைமுறை கண்ட மரப்பாச்சிகள் இருக்கின்றன. அவை முன்னோரின் உருவங்கள் அல்லதான். ஆயினும், அவற்றை உடுத்தி மகிழ்ந்த பாட்டிமார்களின் கைகளை நினைவூட்டுவன அவையே.

அந்த மரப்பாச்சியை முதன்முதலில் கொண்டு வந்த பாட்டியின் பெயர் உங்கள் வீட்டுக் குழந்தைக்குத் தெரியுமா? எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், யார் திருமணத்தில் அது வந்தது என்று யாரேனும் எழுதி வைத்திருக்கின்றனரா? இல்லையாயின், நம் வீட்டு உருவமும் லூவர் மாளிகையின் உருவம் போல வரிசையறுந்தே நிற்கிறது. வேற்றுமை என்னவெனில், நியாசுத் தீவினரின் வரிசையைப் பிறர் அறுத்தனர். நம் வரிசையை நாமே அறுத்து வருகின்றோம். பிள்ளைகள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறியபின் பழைய வீட்டைக் காலி செய்யும் நாளில், விளக்கும் செம்பும் மரப்பாச்சியும் எடைக்கு விற்கப்படுவதைச் சாலைக் கடைத்தெருவை அறிந்தவர்கள் அறிவர்.

சட்டம் ஒன்றையும் குடும்பத்தினர் தெரிந்து கொள்ளுதல் நலம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம் 1976 முதல் நடைமுறையில் உள்ளது. நூறாண்டு கடந்த சிற்பங்களை, அவை மரத்தாலானவையாயினும், தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டு செல்ல அச்சட்டம் இடந்தருவதில்லை. பழைமையான பொருள்தானா என்ற ஐயம் எழுமாயின், இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறையிடம் காட்டி, தொல்பொருள் அன்று என்னும் சான்றிதழ் பெறலாம். கடல் கடந்த பிள்ளைகளுக்குப் பாட்டியின் பொருளை அனுப்ப விரும்பும் தாய்மார்கள் இதனை முன்னரே செய்துகொள்வது வீண் தொல்லையைத் தவிர்க்கும்.

சென்று மீளும் திருமேனி

திருவனந்தபுரத்தார்க்கு வேறோர் அழகிய வழக்கம் உண்டு. பழைய தலைநகராகிய பத்மநாபபுரத்திலிருந்து ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன் சரசுவதி தேவியின் திருமேனி இந்நகருக்கு எழுந்தருளுகிறது. கம்பர் வழிபட்ட திருமேனி அது என்பது செவிவழிச் செய்தி. வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் உடன் வருகின்றனர். தலைநகர் 1795ஆம் ஆண்டளவில் இங்கே மாறியபோதும், தெய்வங்களின் ஊரை மாற்ற யாரும் துணியவில்லை, விழாவுக்கு அழைத்தனர், விழா முடிந்ததும் திருப்பியனுப்பினர். 1956 நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபின், இருமாநில எல்லையும் குறுக்கே வந்தது. வழக்கம் நிற்கவில்லை. களியக்காவிளையில் தமிழகத்தார் வழியனுப்ப, கேரளத்தார் மரியாதையோடு வரவேற்கின்றனர். பத்து நாள் பூசை முடிந்ததும் திருமேனிகள் வந்த வழியே தம் ஊர் திரும்புகின்றன.

ஓர் உருவம் தன் ஊரை விட்டுச் செல்லலாம், அது குற்றமன்று. எந்த ஊரினது, யாருடையது என்பதை ஏற்றவர் மறவாதிருந்தால் போதும். இந்த நெறி நக்கவாரத்து உருவங்களை வைத்திருக்கும் பெரிய காட்சியகங்களுக்கும் பொருந்தும். ஊர் பெயர்ந்து வாழும் நமக்கும் பொருந்தும்.

வரும் நவராத்திரிக்குக் கொலுப்பெட்டியைத் திறக்கும் அன்று, வீட்டிலுள்ள முதியவரை அருகில் அமர்த்திக் கேட்டுக் கொள்ளுங்கள். பாட்டியின் பெயர், பிறந்த ஊர், மணம் நடந்த ஆண்டு, பொம்மை வந்த வழி ஆகிய நான்கு செய்திகளை ஒரு சிறு தாளில் தமிழில் எழுதி, மரப்பாச்சியைச் சுற்றும் துணிக்குள் வைத்து முடியுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளை வெளிநாட்டில் இருந்தால், அவன் அறிந்த மொழியிலும் ஒரு படி எழுதுங்கள். சொல்லக்கூடிய முதியவர் இருக்கும்போதே இது நடக்க வேண்டும்.